அளவு பார்க்காமல் எழுதுவதும் இம்சையே

ஒருவன் யாருக்கும் கேடு நினைக்கவில்லை. அவன் செய்த வேலையால் இதுவரை யாருக்கும் கேடு வந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் செய்யும்போது பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் செய்துவிட்டான். அவன்மேல் குற்றம் உண்டா, இல்லையா? இந்தக் கேள்வி மதுரைக்குப் புதிதல்ல. மாங்குளத்திலும் ஆனைமலையிலும் கீழவளவிலும் திருப்பரங்குன்றத்திலும் கல்லில் படுக்கை வெட்டித் தங்கியிருந்த சமணத் துறவிகள் இதைத்தான் தங்கள் ஒழுக்கத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். மாங்குளத்துத் தமிழி எழுத்துகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவரும், வெள்ளறை நிகமத்து வணிகர்களும் அங்கே கொடையாளர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். கீழக்குயில்குடிச் சமணமலையில் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. அத்தனை நூற்றாண்டுகள் இந்தச் சமவெளியைப் பார்த்தபடி வாழ்ந்த ஒரு சிந்தனையை, இன்று சி மொழியில் சேமிப்பு மென்பொருள் எழுதுகிறவர்களின் வேலைமேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுதான் கிடைக்கிறது: இடத்தின் அளவைப் பார்க்காமல் எழுத்தைப் படியெடுக்கும் நிரல், எவரையும் தாக்காமல் கிடந்தாலும், இம்சைதான். அதைத் திருத்துவது நேரம் கிடைத்தால் செய்யும் மெருகுவேலை ஆகாது, அறக்கடமை.

சமணத்தின் விடை கறாரானது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கிறது. உயிரைப் போக்குவது என்பதோடு அது நிற்கவில்லை. கவனம் தளர்ந்த மனம், சொல், உடல் இவற்றின் இயக்கத்தைக் காரணமாக அந்த இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. வந்தவாசிக்குப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமணர்கள் இணைத்துப் போற்றும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அவர் கணக்கில் இம்சையைத் தீர்மானிப்பது நடத்தைதான்; விளைவு அதற்குப் பிறகுதான் வருகிறது. அசட்டையாக நடப்பவன் காலடியில் எந்த உயிரும் சாகாமல் போகலாம், அதனால் அவன் தப்பிவிடுவதில்லை. பார்த்துப் பார்த்து நடப்பவனை மீறி ஓர் உயிர் போய்விடலாம், அதற்காக மட்டும் அவனை வினை கட்டுவதில்லை. தமிழில் இந்த அசட்டைக்குப் பழைய பெயர் பொச்சாப்பு. திருக்குறள் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது, பொச்சாவாமை என்று. சமணத் துறவிக்கு இந்தக் கவனம் வெறும் மனநிலையாக விடப்படவில்லை. சமிதி என்ற பெயரில் ஐந்து பழக்கங்களாக வகுக்கப்பட்டது. அவற்றில் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி, அதாவது ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். ஏட்டையோ கமண்டலத்தையோ கீழே வைக்குமுன் வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். அங்கே எறும்பு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. பார்க்காமல் வைத்ததிலேயே குற்றம் முடிந்துவிட்டது.

எடுப்பதும் வைப்பதும்தான் சேமிப்பு மென்பொருளின் முழு வேலையும். அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும் சி மொழியோ, வைக்கும் இடத்தைப் பார்க்கும் பொறுப்பை முழுக்க எழுதுகிறவன் கையில் விட்டுவிட்ட மொழி. டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்த மொழியில் எழுத்துச் சரம் தன் நீளத்தைத் தன்னோடு சுமப்பதில்லை. பைட்கள் வரிசையாக நிற்கும். பூச்சிய மதிப்புள்ள ஒரு பைட் வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். படியெடுக்கும் ‘ஸ்ட்ர்காப்பி’ என்ற கட்டளை, அந்தப் பூச்சியம் தென்படும்வரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போகும். வைக்கும் இடம் எவ்வளவு பெரிது என்று அது கேட்பதில்லை. கேட்க வழியும் இல்லை, ஏனென்றால் அந்த அளவு அதனிடம் சொல்லப்படுவதே கிடையாது. 16 பைட் ஒதுக்கிய பஃபர் என்ற தற்காலிக இடத்தில் 40 பைட் வந்து விழுந்தால், மிச்சம் 24 பைட்டும் பக்கத்து நினைவகத்தில் போய் உட்காரும். அங்கே வேறொரு கோப்பின் நீளம் இருக்கலாம். யாருக்கு எந்த அனுமதி என்ற குறிப்பு இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் செயற்கூறு வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி இருக்கலாம். அந்த முகவரி அழிந்து வேறொன்று எழுதப்பட்டால், அடுத்து இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதை வெளியிலிருந்து அந்தச் சரத்தை அனுப்பியவரே முடிவுசெய்துவிடுவார். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று இதே வகையைச் சேர்ந்தது. ஃபிங்கர் என்ற சேவை, 512 பைட் இடத்தில் ‘கெட்ஸ்’ என்ற கட்டளையால் அளவு பார்க்காமல் உள்ளீட்டை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் ‘கெட்ஸ்’ சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011-இல். பாதுகாப்பாகப் பயன்படுத்தவே முடியாது என்று ஊருக்கே தெரிந்த ஒரு கட்டளை, அந்தப் புழுவுக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தரநிலைக்குள் உட்கார்ந்திருந்தது. பொச்சாப்பு தனிமனிதக் குணம் மட்டும் இல்லை, ஒரு துறை முழுவதன் பழக்கமாகவும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த அசட்டை தமிழரைத் தனியாகப் பாதிக்கும் இடம் ஒன்று உண்டு, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மதுரை என்ற ஊர்ப்பெயர் நமக்கு மூன்றெழுத்து. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்து, ஏழு பைட். முடிவுப் பூச்சியத்தோடு எட்டு. தமிழில் எழுதினால் யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ஆக 15, பூச்சியத்தோடு 16. ஊர்ப்பெயருக்கு 16 பைட் போதும் என்று எங்கோ ஒருவர் ஒதுக்கிய இடத்தில் மதுரை விளிம்புவரை நிரம்பி அடங்கிவிடும். மதுரைக்கு என்று ஓர் உருபு சேர்ந்தாலே பூச்சியத்தோடு 28 பைட். திருப்பரங்குன்றம் பத்தெழுத்துதான், ஆனால் பதினேழு குறியீடு, 51 பைட், பூச்சியத்தோடு 52. அதையே ஆங்கில எழுத்தில் 18 எழுத்தாக எழுதினால் 32 பைட் பஃபரில் தாராளமாக அடங்கும். சோதித்துப் பார்த்தவர் ஆங்கிலத்தில்தான் சோதித்திருப்பார், எல்லாம் சரியாகவே ஓடியிருக்கும். தன் சொந்த ஊரின் பெயரைத் தன் மொழியில் ஒரு கோப்புக்கு வைத்ததைத் தவிர வேறு எந்தத் தவறும் செய்யாத ஒருவர்தான் முதலில் அந்த எல்லையை மீறுவார். ஆகவே, தாக்க வருகிறவன் இருந்தால்தானே ஆபத்து என்ற சமாதானம் நம் மொழிக்குப் பொருந்தவே பொருந்தாது.

நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள சேமிப்பு மென்பொருள் ஒன்றிலேயே இந்த அசட்டை நடந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, 2005-இல் இணைநிறுவனராக இருந்து தொடங்கிய நிறுவனம் குளஸ்டர். சாதாரணச் சர்வர்கள் பலவற்றின் வட்டுகளை ஒன்றாகக் கோத்து ஒரே பெரிய கோப்பு அமைப்பாகக் காட்டும் குளஸ்டர்எஃப்எஸ், சி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது. தமிழ்நாட்டில் படித்த ஒருவரின் கைவண்ணம் உலகத் தரவு மையங்களுக்குள் போனதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். 2018-இல் குளஸ்டர்எஃப்எஸ் மென்பொருளில் அடுத்தடுத்துப் பாதுகாப்புக் குறைகள் வெளியிடப்பட்டன. அவற்றில், பொதுவில் அறிவிக்கப்படும் குறைகளைப் பட்டியலிடும் முறைப்படி சிவிஇ-2018-10907 என்று எண்ணிட்டது நம் பேச்சுக்கு நேர் உதாரணம். பயனர் கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் சர்வர் பகுதியில், சரங்களை வாங்கிக்கொள்ள ஸ்டாக் நினைவகத்தில் நிலையான அளவுள்ள பஃபர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அனுமதி பெற்று உள்ளே வந்த ஒருவர், அந்த அளவைவிட நீளமான சரத்தை அனுப்பினால் சர்வர் நிலைகுலைந்து நிற்கும். அவர் விரும்பிய கட்டளைகளை அது இயக்கவும் இடமிருந்தது. குறையை வெளிப்படையாகச் சொல்லி, எண்ணிட்டு, திருத்தம் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். இதை எழுதியவர்கள் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இத்தனை திறமைசாலிகள் எழுதிய, இத்தனை பேர் பார்த்த ஒரு நிரலிலேயே வைக்கும் இடம் பார்க்கப்படாமல் இருந்ததென்றால், இந்தப் பிழையைத் திறமைக் குறைவு என்று சொல்லி ஒதுக்க முடியாது என்பதே இங்கே முக்கியம்.

முதல் ஆட்சேபம் பழையது, வலுவானது. நோக்கம் இல்லாத இடத்தில் குற்றம் ஏது? கெடுக்க வேண்டும் என்று நினைத்து எவனும் ஸ்ட்ர்காப்பி எழுதுவதில்லை. இந்த வாதத்தின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. செய்கையின் உயிர் அதன் எண்ணத்தில்தான் என்பது பௌத்த நிலை. சமணரின் சூத்திரகிருதாங்கத்தில் இதைப் பற்றிக் கடுமையான ஒரு வாக்குவாதம் வருகிறது. பிண்ணாக்குக் கட்டி என்று தவறாக எண்ணி ஒருவன் மனிதனைக் குத்திச் சுட்டால் அவனுக்குக் கொலைப்பழி இல்லை என்று பௌத்தர் சொல்வதாகவும், சமணத் துறவி ஆர்த்ரகர் அதை மறுப்பதாகவும் காட்சி. எதிர்த்தரப்பு எழுதிய சித்திரம் என்பதால் பௌத்தருக்கு அதில் முழு நியாயம் கிடைக்கவில்லை. தம்மபதத்தின் இரண்டாம் வகையே அசட்டையின்மையைப் பற்றியதுதான். ஆனாலும் ஆர்த்ரகரின் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது: பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற இடத்தில், பார்க்காததையே சாக்காகச் சொல்லலாமா? மதுரை இந்தக் கேள்வியைச் சிலப்பதிகாரத்தில் வேறு வகையில் சந்தித்தது. பாண்டியனுக்குக் கோவலன்மேல் பகை கிடையாது. பொற்கொல்லன் சொன்ன சொல்லைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டு ஆணையிட்டான், அவ்வளவுதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்; உடைத்துப் பார்க்கச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளைக் கண்ணகி வந்து கேட்கும்வரை அவன் செலவிடவில்லை. உண்மை தெரிந்ததும், எனக்குக் கெட்ட எண்ணம் இல்லையே என்று அவன் வாதாடவும் இல்லை. அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்டான். சரிபார்ப்பதற்கான வழி கையிலேயே இருந்தும், வெளியிலிருந்து வந்ததை அப்படியே நம்பிச் செயல்படுவதைக் குற்றம் என்று உணர இந்த ஊருக்குச் சமணத் தத்துவம் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்து இரண்டு ஆட்சேபங்கள் சேர்ந்து வரும். நினைவகத்தில் கிடக்கும் பைட் உயிர் கிடையாது, அதற்கு இம்சை என்ற பெரிய சொல் எதற்கு? மேலும், எல்லாப் பிழையும் வெடிப்பதில்லை. பத்தாண்டு ஒன்றும் ஆகாமல் ஓடிய நிரலைக் கிளறுவானேன்? பைட்டுக்கு உயிரில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேமிப்பு மென்பொருள் தனக்காக எதையும் சேமிப்பதில்லை. நீரிழிவு நோயாளியின் விழித்திரைப் படம், நிலப் பட்டாவின் நகல், மாணவரின் மதிப்பெண், வழக்கின் ஆவணம் என்று அதன் வயிற்றில் கிடப்பதெல்லாம் யாரோ ஒருவரின் வாழ்வோடு கட்டப்பட்டவை. மற்ற மென்பொருள் கெட்டால் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். சேமிப்பில் கெட்டது, கெட்டது என்று தெரியாமலே பிரதிகளுக்கும் பரவும். பல ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கும் நாளில்தான் தெரியவரும், அப்போது மூலமும் இருக்காது. இரண்டாவதற்கு விடை குந்தகுந்தரிடமே இருக்கிறது. இன்னும் வெடிக்கவில்லை என்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதை நம் ஒழுக்கத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது. நடைமுறையிலும் இந்த வாதம் தோற்கிறது. பழைய நிரல் பழைய உள்ளீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் பார்த்து வளர்ந்த பஃபருக்குள் ஒருநாள் உசிலம்பட்டியும் திருப்பரங்குன்றமும் தமிழில் வந்து சேரும்.

இனி, குற்றம் அனுப்பியவர்மேல்தானே என்று ஒரு வாதம். நீளமாக அனுப்பாதே என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது, மீறியவர் பொறுப்பு. மதுரையைச் சுற்றிய கண்மாய்களைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். மாடக்குளமோ வண்டியூரோ, கண்மாய்க்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் கட்டியவர்கள் தீர்மானிப்பதில்லை. ஆகவேதான் அளவுக்கு மேல் வந்தால் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கு கட்டினார்கள். கலுங்கு இல்லாமல் கரை மட்டும் போட்டுவிட்டு, மழை அதிகம் என்று சொல்லித் தப்பிக்க எந்த ஊரும் விட்டிருக்காது. வெளியிலிருந்து வருவதை வாங்கும் இடத்தில் இருப்பவனுக்கே வருவதை அளக்கும் பொறுப்பு.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆட்சேபம் வேறொன்று. மனிதன் தவறக்கூடியவன். பல லட்சம் வரி நிரலில் ஒவ்வொரு வரியிலும் விழிப்போடு இருக்க யாரால் முடியும்? இப்படி ஓர் அளவுகோலை வைத்தால் நேர்மையுள்ளவன் எழுதவே பயப்படுவான், நேர்மையில்லாதவன் எழுதிக்கொண்டே போவான். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் சமணம் கேட்பது தவறாமையை அல்ல, தவறுக்கு இடம்கொடுக்காத பழக்கத்தை. துறவியின் நினைவாற்றலை நம்பி அது நிற்கவில்லை. கையில் மயிற்பீலியைக் கொடுத்தது. ஆறு அன்றாடக் கடன்களில் ஒன்றாகப் பிரதிக்கிரமணத்தை வைத்தது, அதாவது செய்தவற்றைத் திரும்பிப் பார்த்துத் தவறியதை எடுத்துச் சொல்லி மீள்வது. நிரலாளருக்கும் இவை உண்டு. படியெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அளவையும் சேர்த்தே அனுப்புவது என்ற விதி, அந்த விதியை மீறினால் நிரலையே ஏற்க மறுக்கும் கம்பைலர் எச்சரிக்கை, எழுதியவர் தவிர இன்னொருவர் படித்துப் பார்க்கும் வழக்கம், கவெரிட்டி போல நிரலை ஓட்டாமலே குறை தேடும் கருவி, தாறுமாறான உள்ளீடுகளை லட்சக்கணக்கில் அனுப்பிச் சோதிக்கும் ஃபஸ்ஸிங். இத்தனையும் செய்த பிறகும் ஒரு பிழை தப்பினால், குந்தகுந்தர் கணக்கில் அவர் கவனத்தோடு நடந்தவர். இவை கையில் இருந்தும் எடுக்காதவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. கருவிகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, மனிதன் தவறக்கூடியவன் என்ற வாதத்தின் பலம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

திருத்துவதிலும் பொச்சாப்பு நுழையும் என்பதைத்தான் இந்தத் துறையில் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். ஸ்ட்ர்காப்பி ஆபத்து என்று கேள்விப்பட்டதும், நிரல் முழுக்கத் தேடி ஸ்ட்ர்என்காப்பி என்று மாற்றிவிடுவது பலருடைய வைத்தியம். அளவு கேட்கும் கட்டளை என்பதால் மனம் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டளை பிறந்த இடமே வேறு. பழைய யூனிக்ஸில் அடைவுக்குள் கோப்புப் பெயருக்கு 14 பைட் நிலையான இடம். அந்த இடத்தை நிரப்ப வந்தது அது. பெயர் குட்டையாக இருந்தால் மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்பும். பெயர் இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டால் முடிவுப் பூச்சியம் வைக்கவே வைக்காது. முடிவு இல்லாத சரத்தை அடுத்தாற்போல் படிக்கும் கட்டளை எங்கே போய் நிற்கும்? எல்லை மீறி எழுதும் குற்றம் எல்லை மீறிப் படிக்கும் குற்றமாக உருமாறியது, அவ்வளவே. முடிவுப் பூச்சியத்தைக் கையால் வைத்தாலும் சிக்கல் தீராது. 32 பைட் இடத்தில் 31 பைட்டோடு வெட்டினால் திருப்பரங்குன்றம் ‘திருப்பரங்’ என்று நின்று, அதன் பின்னால் ககரத்தின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் அறுபட்டுத் தொங்கும். அது எந்த எழுத்தும் ஆகாது. ‘திருப்பரங்குன்றம் 1’, ‘திருப்பரங்குன்றம் 2’ என்ற இரண்டு கோப்புகளின் பெயர்களும் வெட்டுப்பட்ட பிறகு ஒன்றேதான். இரண்டாவதை எழுதும்போது முதலாவது அழிந்துபோகும், சர்வர் நிலைகுலையாது, எச்சரிக்கை வராது, பாதுகாப்புச் சோதனையிலும் எல்லாம் சரி என்றே வரும். சேமிப்பு மென்பொருளுக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. இடம் போதவில்லை என்றால், போதவில்லை என்று பயனரிடம் பிழையாகத் திருப்பிச் சொல்வதுதான் திருத்தம். சத்தமில்லாமல் வெட்டுவது திருத்தம் ஆகாது.

குளஸ்டரின் வரலாறே இதற்குச் சாட்சி. 2018-இல் அந்த நிரல்தொகுப்பில் ஸ்ட்ர்என்காப்பி பல இடங்களில் எடுக்கப்பட்டு, எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற கட்டளை வைக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான்; அது அளவைக் கேட்கும், முடிவுப் பூச்சியத்தையும் வைக்கும், எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்றும் திருப்பிச் சொல்லும். ஆனால் அதே ஆண்டு வெளியான இன்னொரு குறை, சிவிஇ-2018-14661, பூட்டுகளைக் கவனிக்கும் பகுதியில் அதே எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்தப்பட்ட விதத்தில்தான் இருந்தது. வெளியிலிருந்து வந்த சரத்தை, அச்சிட வேண்டிய பொருளாக வைக்காமல், எப்படி அச்சிடுவது என்று சொல்லும் வடிவக் கட்டளையின் இடத்திலேயே வைத்துவிட்டால், உள்ளே புகுத்திய குறிகள் கட்டளைகளாக வேலை செய்யும். அளவு பார்க்கும் கட்டளைதான், பாதுகாப்பானது என்று பேர் பெற்றதுதான். கவனம் இல்லாத கையில் அதுவும் வாசலைத் திறந்துவிட்டது. சமண ஆசாரியர்கள் வெளியே நிகழும் இம்சையையும் உள்ளே நிகழும் இம்சையையும் பிரித்து வைத்து, உள்ளே இருப்பதைத்தான் மூலம் என்றார்கள். கட்டளையின் பெயரை மாற்றுவது வெளித் திருத்தம். இந்தச் சரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நீளும், அடங்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டு விடை எழுதுவது உள்ளே நடக்கும் திருத்தம். இரண்டாவது இல்லாத முதலாவது வெறும் சடங்கு.

சி மொழியையே விட்டுவிட்டால் என்ன? இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆண்டுதோறும் தான் எண்ணிட்டுச் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. பெரியசாமியே அடுத்துத் தொடங்கிய மினியோ என்ற சேமிப்பு மென்பொருளை கோ மொழியில்தான் எழுதினார்கள். அதில் சரம் தன் நீளத்தைத் தானே அறிந்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்டு, தரவு மையங்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சி நிரலை ஒரே நாளில் மாற்றி எழுத ஆளும் இல்லை, காசும் இல்லை. மாறும் நாள்வரை அதற்குள் கிடக்கும் தரவுகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? பெயரை வெட்டி இரண்டு கோப்பை ஒன்றாக்கும் பிழையை எந்த மொழியிலும் செய்யலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கட்டற்ற மென்பொருள் இலவசமாகத் தரப்படுவது, உத்தரவாதம் எதுவும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, பிறகு கடமை எங்கிருந்து வரும் என்றும் கேட்பார்கள். நீதிமன்றத்தில் அந்த வரி காப்பாற்றும், காப்பாற்றவும் வேண்டும். இல்லையென்றால் யாரும் எதையும் பகிர மாட்டார்கள். சட்டப் பொறுப்பு இல்லை என்பதால் அறப் பொறுப்பும் இல்லாமல் போய்விடுவதில்லை. ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதையும் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து நிரலைப் பராமரிக்கும் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். அந்த நிரலை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனங்களும், மக்கள் தரவை அதில் ஏற்றும் அரசுத் துறைகளும் அதே அசட்டையில் பங்காளிகள். எதை நம்பி வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் வைப்பவரும் பார்க்காமல் வைப்பவர்தான்.

இளந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்களில் வேலை செய்பவர்களுக்கும், மதுரையைச் சுற்றிய பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு சி பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்ட்ர்காப்பியைக் கற்பிக்கும் அதே வகுப்பில் அளவைக் கேட்கவும் கற்பியுங்கள். மாணவர்கள் எழுதிய நிரலில் அவரவர் ஊர்ப்பெயரைத் தமிழில் உள்ளிடச் சொல்லி, என்ன ஆகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்க விடுங்கள். உங்கள் நிறுவனம் கட்டற்ற சேமிப்பு மென்பொருள் எதையாவது நம்பியிருந்தால், அதில் எத்தனை இடத்தில் அளவு பார்க்காமல் எழுதப்படுகிறது என்று எண்ணுங்கள், ஓர் ஆளை ஒதுக்கித் திருத்துங்கள், திருத்தத்தை மூலத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். குளஸ்டரை வைத்துத் தான் விற்றுவந்த சேமிப்புப் பொருளுக்கான ஆதரவை ரெட் ஹேட் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நிரல் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம்.